முதியோர் பென்ஷன்: வாங்குவது எப்படி, காப்பது எப்படி?

(பழனி மலைப் பகுதித் தோட்டத் தொழிலாளர்களும், மலையிலிருந்து இறங்கி மில் வேலைக்குப் போனவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மாதம் 1,200 ரூபாய். பட்டணத்தில் சம்பளம் வாங்குகிறவர் காதில் இது சின்னத் தொகையாக விழலாம். நம் ஊரில் அப்படியில்லை. பெரும்பாறையிலும் தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் நாற்பது வருஷம் காப்பிப் பழம் பறித்த ஒரு தாய்க்கு, கண் மங்கி, முழங்கால் மடங்காமல் போன பிறகு, யாரையும் கெஞ்சாமல் கையில் வரும் காசு அது ஒன்றுதான். அந்தக் காசை வாங்க என்ன செய்வது? வாங்கிய பிறகு நின்றுபோகாமல் காப்பது எப்படி? இந்த இரண்டையும்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நம் தோட்டங்களில் உழைத்தவருக்கு வயோதிகத்தில் எதுவும் இல்லாமல் போனது ஏன்? மலைவாழையும் மிளகும் காப்பியும் தலைச்சுமையாகவும் குதிரைச் சுமையாகவும் பாதைக்கு வந்தன. லாரி ஏறி ஒட்டன்சத்திரத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் போயின. சுமந்தவர் பெயர் மட்டும் எந்த ரிஜிஸ்தரிலும் ஏறவில்லை. இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம். மேஸ்திரி கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. பெரும்பாலோருக்குப் பிராவிடண்டு பண்டு கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. முதலாளி கணக்கில் எழுதாமல் விட்ட உழைப்பு அது. ஆகவே முதியோர் பென்ஷன் யாரோ இரக்கப்பட்டுப் போடும் பிச்சை என்று தலை குனிய வேண்டாம். நீங்கள் உழைத்து உண்டாக்கிய செல்வத்திலிருந்து ஒரு சிறு துளி உங்களிடமே திரும்பி வருகிறது.

எப்படி வந்தது?

நம் மாகாணத்தில் முதியோர் பென்ஷன் திட்டம் 1962 ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கியது. அப்போது மாதம் 20 ரூபாய். ஆதரவே இல்லாதவர், காப்பாற்றக்கூடிய வளர்ந்த மகனோ பேரனோ இல்லாதவர் என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். 1981-ல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளிகளுக்குத் தனித் திட்டம் வந்தது. 1995 ஆகஸ்டு 15-ல் மத்திய சர்க்கார் 65 வயதானவர்களுக்கு 75 ரூபாய் என்று ஆரம்பித்தது. 2007-ல் அதற்கு இந்திரா காந்தி பெயரைச் சூட்டினார்கள். 2011-ல் வயது 60 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2011-ல் தொகை 1,000 ரூபாய் ஆயிற்று. 2023 ஆகஸ்டு முதல் 1,200.

இதில் மத்திய சர்க்காரின் பங்கு எவ்வளவு தெரியுமா? 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 2007-லும் 200 ரூபாய்தான், 2025-லும் அதே 200 ரூபாய்தான். 80 வயதைத் தாண்டினால் 500. நாளொன்றுக்கு ஏழு ரூபாய் கூட வராத பங்கு இது! மீதியை மாநில சர்க்கார் போடுகிறது.

நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், 1980-ல் நாயனார் மந்திரிசபை இருந்தபோது விவசாயத் தொழிலாளிக்கு மாதம் 45 ரூபாய் பென்ஷன் கொடுத்தார்கள். ‘நீ ஏழை, அதனால் தருகிறேன்’ என்று சொல்லவில்லை. ‘நீ நிலத்தில் உழைத்தவன், அதனால் தருகிறேன்’ என்றார்கள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீமையில் மட்டும் சும்மாவா கொடுத்துவிட்டார்கள்? பிரிட்டனில் 1909 ஜனவரி 1-ந் தேதி முதன்முதல் பென்ஷன் கொடுத்தபோது வயது 70 ஆகியிருக்க வேண்டும். வாரம் 5 ஷில்லிங். அதற்கும், ‘வேலை செய்யாமல் திரிந்தவனா? முன்பு தர்மக் கஞ்சி குடித்தவனா?’ என்று விசாரித்துத் தள்ளினார்கள். ஏழையைச் சந்தேகப்பட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லாத் தேசத்து ஆபீசுகளுக்கும் உண்டு. அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் காகிதங்களை நாம் கையில் வைத்திருக்க வேண்டும்.

யாருக்குக் கிடைக்கும்?

60 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆதரவில்லாத நிலை, வறுமை, சொல்லிக்கொள்ளும்படியான சொத்து இல்லாமை — இவற்றைத்தான் விசாரணையில் பார்ப்பார்கள். வேறு பென்ஷன் வாங்கக் கூடாது. விதவைகளுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் தனித் திட்டங்கள் உண்டு, ஒருவருக்கு ஒன்றுதான். எது பொருந்தும் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு மனுப் போடுங்கள்.

இங்கே வரும் பெரிய சண்டை என்ன? ‘ரேஷன் கார்டில் மகன் பெயர் இருக்கிறதே, அவன் காப்பாற்ற மாட்டானா?’ என்று கேட்பார்கள். மகன் திருப்பூரில் இருப்பான்; வருஷத்துக்கு ஒரு தடவை பங்குனித் திருவிழாவுக்கு வருவான்; வந்தால் ஒரு சேலையும் 500 ரூபாயும் கொடுப்பான். இதற்குப் பெயர் காப்பாற்றுவதா? தனியாக உலை வைத்துத் தனியாகக் குடியிருந்தால் ரேஷன் கார்டையும் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் மகன் எங்கே இருக்கிறான், என்ன வேலை, என்ன கொடுக்கிறான் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மனுவிலும் எழுதுங்கள்.

ஆனால் ஒன்று. மகன் பக்கத்து வீட்டிலேயே இருந்து சோறு போடுகிறான், இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டமும் இருக்கிறது, அதை மறைத்து மனுப் போடலாம் என்று யாராவது வந்தால் சங்கம் துணை நிற்காது. அப்படிப்பட்ட ஒருவர் பெயர் பட்டியலில் ஏறினால், அதைக் காட்டியே நாளை ஊரிலுள்ள நிஜமான ஏழைகள் பத்துப் பேரைச் சந்தேகிப்பார்கள்.

ஐம்பத்தைந்திலேயே ஆரம்பியுங்கள்

வயது 60 ஆன பிறகு காகிதம் தேடுகிறவன், மழை வந்த பிறகு கூரை வேய்கிறவன். நம் ஆட்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ரேஷன் கார்டில் ஒரு வயது, ஆதாரில் ஒரு வயது. ஆதார் எடுக்க வந்தபோது வாய்க்கு வந்த வருஷத்தைச் சொல்லி, ஜனவரி 1 என்று போட்டுக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்! தலை முழுக்க நரைத்த கிழவிக்கு அட்டையில் 54 வயது. அட்டையைத்தான் ஆபீசு நம்பும், நரையை நம்பாது.

ஆகவே 55 வயதிலேயே இந்த வேலைகளை முடியுங்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பாங்குப் புத்தகம் — நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் ‘மாரியம்மாள்’, இன்னொன்றில் ‘மாரியாயி’ என்று இருந்தால் பணம் வரும் நாளில் வழியில் நின்றுவிடும்.

வயதுக்கு ஆதாரம் தேடுங்கள். ஒரு வகுப்புப் படித்திருந்தாலும் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் தேதி இருக்கும். எதுவுமே இல்லாவிட்டால் சர்க்கார் டாக்டரிடம் வயதுச் சான்று கேட்கலாம். ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்துவது சுலபமல்ல. கையில் ஆதாரம் வைத்துக்கொண்டு ஒரே தடவையில் சரியாகத் திருத்துங்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நம் மலையில் நிறைய இருக்கின்றன. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் வந்தவர்கள், வந்தவர்களின் பிள்ளைகள். உங்கள் பெட்டியின் அடியில் பழைய பாஸ்போர்ட்டும், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும் கிடக்கும். செல்லரித்த காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். உங்கள் வயதைச் சொல்லும் நல்ல சாட்சி அதுதான். ஜெராக்ஸ் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

காட்டோரத்தில் குடியிருக்கும் பளியர் மக்கள் பலரிடம் காகிதமே இருக்காது. அவர்களை ‘அட்டை கொண்டு வா’ என்று அனுப்பாதீர்கள். முதலில் அட்டை வாங்கிக் கொடுக்கும் வேலையைச் சங்கத் தோழர்கள் செய்யுங்கள்; பென்ஷன் மனு அதற்குப் பிறகு.

மனுவின் பாதை

மனுவை இ-சேவை மையத்தில் பதியலாம். பதிந்தவுடன் எண் போட்ட ரசீது தருவார்கள். அந்த ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். ஆதார், ரேஷன் கார்டு, வயதுச் சான்று, பாங்குப் புத்தகத்தின் முதல் பக்கம், போட்டோ — இவை கையோடு இருக்கட்டும். மனு கிராம நிர்வாக அதிகாரியிடம் போகும், அவர் விசாரிப்பார். பிறகு வருவாய் ஆய்வாளர் பார்ப்பார். கடைசியில் தாலுகா ஆபீசில் இதற்கென்று உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் உத்தரவு போடுவார்.

நம் கஷ்டம் தூரம். மன்னவனூர்க்காரருக்குக் கொடைக்கானல் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். கவுஞ்சி, பூண்டி, கிளாவரைக்காரருக்கு அதற்கும் மேலே. வெள்ளகவிக்காரர் கால்நடையாக மலையேறி வர வேண்டும். ஒருவர் தாலுகா ஆபீசுக்குப் போனால் பஸ் கூலி போகிறது, ஒரு நாள் வேலையும் போகிறது. ‘அதிகாரி காம்புக்குப் போய்விட்டார், நாளை வா’ என்றால் இன்னொரு நாளும் போகிறது. ஆகவே தனித்தனியாகப் போகாதீர்கள். ஊருக்குப் பத்து மனு சேருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பத்து ரசீதையும் எடுத்துக்கொண்டு போகட்டும். அவருடைய பஸ் கூலியைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளட்டும். பத்து ரசீதைக் காட்டிக் கேட்பவனுக்கு ஆபீசில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘காலியிடம் இல்லை’ என்று வாயால் சொல்வது உத்தரவாகாது. தள்ளிய உத்தரவின் மேல் ஆர்.டி.ஓ.விடம் அப்பீல் செய்யலாம். திங்கட்கிழமைதோறும் திண்டுக்கல் கலெக்டர் ஆபீசில் மனு நாள் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஜமாபந்தி இருக்கிறது. நிலத் தகராறுக்கு மட்டும்தான் ஜமாபந்தி என்று நினைத்துவிடாதீர்கள், பென்ஷன் மனுவையும் அங்கே கொடுக்கலாம். எதற்கும் பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணமும் கிடையாது. ‘என் மனு எந்த மேஜையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?’ என்று ஒரே ஒரு கேள்வி எழுதினால் போதும்.

இன்னொன்று. ‘ஐயாயிரம் கொடு, மறு மாதமே வாங்கித் தருகிறேன்’ என்று ஊருக்குள் சுற்றும் தரகர்களை நம்பாதீர்கள். ஐயாயிரம் என்பது நான்கு மாதத்துப் பென்ஷனுக்கும் மேல். அதைக் கந்து வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால், வட்டி கட்டவே பென்ஷன் போய்விடும்.

வந்த பென்ஷனைக் காப்பது

உத்தரவு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இனிமேல்தான் பாதி வேலை இருக்கிறது.

முன்பு தபால்காரர் மணியார்டரில் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது பாங்குக் கணக்கில் வருகிறது. பாங்கு நியமித்த ஆள் ஒரு சிறு மிஷினுடன் ஊருக்கு வந்து, விரல் ரேகை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கிறார். மலையில் இதில் இரண்டு தொல்லை. சிக்னல் கிடைக்காத ஊர்கள் உண்டு. இரண்டாவது, நம் விரல். களைக்கொத்தும் கவாத்துக் கத்தியும் பிடித்து, காப்பிக் கொம்பு வளைத்து, ரேகை தேய்ந்த விரல் அது. உழைத்ததற்குச் சாட்சியான அந்த விரலையே பார்த்து மிஷின், ‘நீ அந்த ஆள் இல்லை’ என்கிறது!

ரேகை விழவில்லை என்றால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருவிழியையோ முகத்தையோ பார்த்துச் சரிபார்க்கும் வழி உண்டா என்று கேளுங்கள். பணம் உங்கள் பாங்குக் கணக்கில்தான் இருக்கிறது. பாஸ்புத்தகத்தோடு கிளைக்கே போய், சீட்டில் கைநாட்டு வைத்து எடுக்கலாம். படுக்கையில் கிடப்பவருக்கு, சாட்சிகள் முன்னிலையில் ரேகை வாங்கிப் பணம் கொடுக்க ரிசர்வ் பாங்கு வழி சொல்லியிருக்கிறது. மானேஜரிடம் மனுவாகவே எழுதிக் கேளுங்கள்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். நம் மலையில் ஓர் ஊர். ஊரின் பெயர் வேண்டாம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அப்பத்தாவுக்குப் பென்ஷன் திடீரென்று நின்றது. விசாரித்தோம். சரிபார்க்க வந்தவர்கள் இரண்டு தடவை வந்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் வீடு பூட்டியிருந்தது. ‘ஊரில் இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். அப்பத்தா எங்கே போயிருந்தது? பழம் பறிக்கும் பருவம், கூலிக்குப் போயிருந்தது! வீட்டில் இருந்தால் வயிறு காயும். வேலைக்குப் போனால் பென்ஷன் காயும். ‘வேலைக்குப் போயிருந்தேன்’ என்று சொன்னாலோ, ‘உழைக்கத் தெம்பிருக்கிறதே, உனக்கெதற்குப் பென்ஷன்?’ என்பார்கள். 1,200 ரூபாயில் மாதம் முழுவதும் சாப்பிட முடியாது என்பதால்தான் எழுபது வயதில் அந்த அம்மாள் மலையேறியது. அக்கம்பக்கத்தார் கையெழுத்தோடு மனுக் கொடுத்தோம், மூன்று தடவை அலைந்தோம். பென்ஷன் திரும்ப வந்தது. நின்ற நான்கு மாதத்துப் பணம் வரவில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சரிபார்ப்புக்கு ஆள் வந்தால் பக்கத்து வீட்டார் எழுந்து வந்து, ‘இருக்கிறார், இந்த ஊரில்தான் இருக்கிறார்’ என்று சொல்ல வேண்டும். மகள் வீட்டுக்கு மாதக்கணக்கில் போனால் கிராம நிர்வாக அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நிரந்தரமாகக் குடி மாறினால் பென்ஷனையும் மாற்ற எழுதிக் கொடுங்கள். ஒரு மாதம் பணம் வராவிட்டால் அந்த மாதமே கேளுங்கள். ஆறு மாதம் காத்திருக்காதீர்கள்.

பணம் கொடுக்க வரும் ஆளுக்குப் ‘பஸ் செலவு’ என்று 20, 50 கொடுக்கத் தேவையில்லை. அவருக்குக் கமிஷன் கொடுப்பது பாங்கின் பொறுப்பு. எவ்வளவு எடுத்தீர்கள் என்ற சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் கடைக்காரரிடம் அடகாகக் கொடுக்காதீர்கள். மினிமம் பாலன்ஸ் வேண்டாத சாதாரணக் கணக்குத்தான் வேண்டும் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அபராதம் என்று பிடித்துக்கொள்வார்கள். வேறு கடனுக்குப் பென்ஷனைப் பிடித்தால் உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

பென்ஷனோடு சேர்ந்த வேறு உரிமைகளும் உண்டு. சத்துணவுக் கூடத்தில் சாப்பிடாதவருக்கு மாதம் 4 கிலோ அரிசி, சாப்பிடுகிறவருக்கு 2 கிலோ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டியோ சேலையோ. இவை திட்டத்திலேயே உள்ளவை. கேட்காவிட்டால் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

வாலிபத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பணம் அப்பத்தாவுடையது. டாஸ்மாக் கடைக்கு வழி தெரிந்த மகன்கள், பணம் வரும் நாளை மட்டும் மறப்பதில்லை! அம்மாவின் கைநாட்டை வைத்துப் பணத்தைப் பிடுங்குகிறவன், தொழிலாளி வயிற்றில் அடிக்கும் கங்காணியை விடக் கேவலமானவன். அதை ஊரே கேட்க வேண்டும்.

மில் தோழர்களுக்கு

திண்டுக்கல், வேடசந்தூர் மில்களில் வேலை செய்கிறவர்களே, உங்கள் கணக்கு வேறு. 1995-ல் வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில், பி.எப். பிடித்தம் உள்ள சர்வீஸ் 10 வருஷம் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஒரு மில்லை விட்டு இன்னொரு மில்லுக்குப் போகும்போது பி.எப். பணத்தை எடுத்துச் செலவழித்தால் அந்தச் சர்வீஸ் அழிந்துவிடும். எடுக்காமல் அடுத்த மில்லுக்கு மாற்றுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டுகிறார்களா, பிடித்ததைக் கட்டுகிறார்களா என்று மாதாமாதம் பாருங்கள். காண்டிராக்டில் இருப்பவரும் பி.எப். எண்ணைக் கேளுங்கள். இன்று கேட்காதவர் 60 வயதில் தாலுகா ஆபீசு வாசலில், அம்மா நின்ற அதே இடத்தில் நிற்க வேண்டிவரும்.

இது போதுமா?

1,200-ஐ 30 நாளுக்குப் பிரியுங்கள்; நாளைக்கு 40 ரூபாய். இரண்டு வேளைச் சோற்றுக்கே பற்றாது; மருந்துக்கு எங்கே போவது? நம் அரசியல் சட்டத்தின் 41-வது ஷரத்து, முதுமையில் சர்க்காரின் உதவி பெறும் உரிமையைச் சொல்கிறது. ஆனால் கோர்ட்டில் கேட்டு வாங்கக்கூடிய உரிமைகளின் பகுதியில் அதை வைக்கவில்லை. சர்க்கார் தன் சக்திக்கு ஏற்பச் செய்ய வேண்டியது என்று வைத்திருக்கிறார்கள். அந்தச் சக்தி எவ்வளவு என்பது, கேட்கிறவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. விலைவாசி ஏறும்போது பென்ஷனும் ஏற வேண்டும். மத்திய சர்க்கார் 200 ரூபாயிலேயே நிற்கக் கூடாது. உழைத்தவர் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்பதற்கு ஊர்ஊராகக் கணக்கு வேண்டும்.

ஆகவே இந்த மாதத்து வேலை இது. ஒவ்வொரு கிளையும் 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். 55 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், நான்கு அட்டையிலும் உள்ள வயது, மனுப் போட்ட தேதி, ரசீது எண், உத்தரவு, கடைசியாகப் பணம் வந்த மாதம் — இவ்வளவும் எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் நம் பெண் பிள்ளைகள் அழகாக எழுதுவார்கள், அவர்களிடம் கொடுங்கள். மாதம் ஒரு தடவை நோட்டைப் புரட்டுங்கள். எந்தப் பக்கத்தில் பணம் வரவில்லையோ, அந்த வீட்டுக்கு அன்று மாலையே இரண்டு பேர் போங்கள்.